கொண்டல் வரும் நேரம்

வாசகர் கேள்வி:

வணக்கம் அம்மா. தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 33 வயது. கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மனைவிக்கு 29 வயது. எம்.சி. ரோடு கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். நான்கு வயதில் ஒரு மகள். என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். மே மாதக் கடைசியில் எங்கள் ஏழாவது திருமண நாள் வருகிறது. போன வருடம் அதே நாளில், மனைவிக்கு முன்கூட்டியே சொல்லாமல், கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, காலை பதினொரு மணிக்கு பைக்கில் மகாபலிபுரம் அழைத்துப் போனேன். போய்ச் சேர்வதற்குள் அவருக்குத் தலைவலி, வாந்தி. நான் கோபப்பட்டுவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் பேச்சே இல்லை. இந்த வருடம் கேட்டால், "வெயிலில் என்னால் முடியாது, நீங்கள் மட்டும் போய்வாருங்கள்" என்கிறார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, திறந்த வெளியில், நாங்கள் இருவர் மட்டும் சில மணி நேரம் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். நண்பர்களிடம் சொன்னால், "வட சென்னையில் என்ன காதல், ஏதாவது மாலுக்கு அழைத்துப் போ" என்று சிரிக்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஓர் இடமே இல்லையா?

குடும்பநல ஆலோசகர் பதில்:

அன்புத் தம்பிக்கு,

இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இடத்தைச் சொல்வதற்கு முன்னால் போன வருடத்து அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அதைத் தாண்டிப் போய் எந்த இடத்தைச் சொன்னாலும் உங்கள் மனைவி வரமாட்டார்.

தலைவலி, வாந்தி என்று இரண்டு சொல்லில் எழுதிவிட்டீர்கள். பதினொரு மணி வெயிலில், கனத்த பட்டும் ஜரிகையும் சுற்றிய உடம்போடு, ஹெல்மெட்டோடு, தண்டையார்பேட்டையிலிருந்து மகாபலிபுரம் வரை அறுபது கிலோமீட்டருக்கும் மேல் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறார். உடம்பு சூடேறி, நீர் வற்றி, இனி என்னால் ஆகாது என்று சொன்னதுதான் அந்த வாந்தி. நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் கோபப்பட்டீர்கள். ஆசையாகப் போட்ட திட்டம் கெட்டுப்போன வருத்தம் உங்களுக்கு என்பது எனக்குப் புரிகிறது. அவருக்கு அன்று தெரிந்தது கோபம் மட்டும்தான்.

இன்னொன்று கேட்கிறேன். அன்று காலையில் அவர் தண்ணீர் குடித்தாரா? என்னிடம் பேச வரும் பெண்களில் பலர், வெளியே கிளம்பும் நாளில் விடிந்ததிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். வழியில் ஒதுங்க இடம் கிடைக்குமோ என்னவோ என்ற பயம். கணவரிடம் சொல்லக் கூச்சம். ஊர் சுற்றிவிட்டு வந்த இரவில் தலைவலியோடு படுக்கும் பெண்ணைப் பார்த்து, "இவளுக்கு வெளியே போகவே பிடிக்காது" என்று முடிவுகட்டும் கணவர்களை வருடக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது, "போன வருடம் நான் கோபப்பட்டது தப்பு" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். திருமண நாள் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம். இன்று இரவே சொல்லலாம்.

ஆகவே, தம்பி, இந்த வருடத் திட்டத்தின் முதல் வரியில் கழிப்பறை இருக்கட்டும். எந்த இடம், எவ்வளவு நேரம், நடுவில் சுத்தமான கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். காதலைப் பற்றிக் கேட்டால் இந்த அம்மா கழிப்பறையைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைக்காதீர்கள். பயமில்லாமல் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்க முடிகிற இடத்தில்தான் ஒரு பெண் நிம்மதியாகச் சிரிப்பார்.

இனி இடத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவியின் ஒரு நாளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து தையல் இயந்திரத்தின் முன் குனிந்தபடி இருக்கிறார். கண்ணுக்கும் ஊசிக்கும் நடுவே ஓர் அடி தூரம் இருக்குமா? தலையை நிமிர்த்தினால் சுவர், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். கிட்டத்தில் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணின் தசைகள் இறுகிப்போகும். தூரத்தில் பார்வையை விட்டால்தான் அவை தளரும். நண்பர்கள் சொல்லும் மாலில் இன்னும் நாலு சுவரும், இன்னும் நிறைய விளக்கும், இன்னும் நிறைய துணிக்கடையும் இருக்கும். நாளெல்லாம் துணியோடு இருப்பவரைத் துணிக்கடைகளுக்கு நடுவே அழைத்துப் போக வேண்டாம். அவருடைய நாளில் இல்லாமல் இருப்பது தூரம். வட சென்னையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தடுப்பில்லாமல் பார்க்க முடிகிற ஒரே பக்கம் கிழக்கு. எனவே கடல்.

வெயிலுக்குப் பயப்படுகிறாரே என்பீர்கள். நியாயமான பயம். மே 4 வாக்கில் தொடங்கி 28, 29 வரை கத்திரி. ஆனால் நாம் கடலோரத்துக்காரர்கள். நமக்குக் காற்றைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல். மேற்கிலிருந்து வரும் காற்றுக்குப் பெயரே கோடை. மே மாதப் பகலில் நம் தலைக்கு மேலே நடப்பது கோடைக்கும் கொண்டலுக்குமான இழுபறி. நிலம் சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று இலேசாகி மேலே எழும்ப, கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப உள்ளே வருகிறது. பெரும்பாலான நாட்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் அது நம் பக்கம் எட்டிவிடும். மேற்கிலிருந்து வரும் கோடை பலமாக இருக்கும் நாளில் அதை உள்ளே விடாமல் தடுத்துவிடும். சென்னை 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாட்களில்தான்.

இதைத் தெரிந்துகொள்ள வானிலை அறிக்கைகூட வேண்டாம். மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியைப் பாருங்கள். துணி மேற்குப் பக்கமாக ஆடினால் கடற்காற்று வந்துவிட்டது. கிழக்குப் பக்கமாக ஆடினால் இன்னும் கோடையின் கைதான் ஓங்கியிருக்கிறது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களுக்கு இந்தக் காற்று முதலில் கிடைக்கும். உள்ளே தள்ளி இருப்பவர்களுக்குப் பிந்தித்தான் போகும். நம்மைப் பார்த்துச் சிரிக்கிற ஊர்களுக்கு இல்லாத வசதி இது.

ஆக நமக்கு இரண்டு வேளைகள் உண்டு. விடியலில் ஏழு மணி வரை ஒன்று. மாலை ஐந்துக்குப் பிறகு இன்னொன்று.

விடியலைப் பற்றிச் சொல்லும்போது என் கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குத் திருமணமான புதிதில் வீட்டில் ஒன்பது பேர். என் கணவர் ஆலையில் இரவு ஷிஃப்ட். பகலில் அவர் தூங்குவார், இரவில் நான் தூங்குவேன். இரண்டு பேரும் விழித்திருக்கும் நேரத்தில் வீடே விழித்திருக்கும். ஒரு மே மாதத்தில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். விடிவதற்கு முன் பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு அவர் வந்து இறங்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவேன். அங்கிருந்து நேராகக் கடலோரம். மே மாதத்தில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் நம் கடலில் சூரியன் எழுந்துவிடும். டீயைப் பிளாஸ்க் மூடியில் ஊற்றி மாறி மாறிக் குடிப்போம். பேசியது அதிகமில்லை. அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும். ஆறரைக்கு வீட்டில் இருப்போம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த மூடியை இன்னும் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் விடியல் ஒருவகையில் வசதி. மகள் தூங்கிக்கொண்டிருப்பாள், பாட்டி பக்கத்தில் படுத்திருந்தால் போதும். காசிமேடு பக்கம் போனால் இந்தப் பருவத்தில் வேறு நாளில் கிடைக்காத காட்சி ஒன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும். வலை பின்னுவதும், பலகை மாற்றுவதும், பெயிண்ட் அடிப்பதுமாக இருப்பார்கள். சின்னப் படகுகள் மட்டும் போய் வரும். ஆனால் மீன் சந்தை விடியலில்தான் உச்சத்தில் இருக்கும். அந்த இரைச்சலும் மீன் நாற்றமும் சிலருக்கு உயிர். சிலருக்குக் குமட்டல். போன வருடம் வாந்தி எடுத்தவரை இந்த வருடம் அங்கே நிறுத்த எனக்குத் துணிவில்லை. அதோடு, வாரம் முழுக்க முதல் ஆளாக எழுபவருக்கு அன்று ஒரு நாள் தூக்கம்தான் பெரிய பரிசாகவும் இருக்கலாம்.

இதை நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. அவரிடம் கேளுங்கள். போன வருடம் நீங்கள் செய்த அத்தனை தவறுக்கும் வேர், சொல்லாமல் செய்ததுதான். அவருக்கு ஆச்சரியம் கொடுக்க நினைத்தீர்கள். ஆனால் எங்கே போகிறோம், எவ்வளவு தூரம், எப்போது சாப்பாடு, குழந்தை யாரிடம் என்று எதுவும் தெரியாமல் பைக்கில் ஏறியவருக்கு அந்த ஆச்சரியத்தில் என்ன சுகம் இருந்திருக்கும்? "விடியற்காலையா, மாலையா? கோவிலும் கடலுமா, கடல் மட்டுமா?" என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள். மற்ற வேலை எல்லாம் உங்களுடையது. "உன் இஷ்டம், எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திட்டம் போடும் சுமையையும் சேர்த்து அவர் தலையில் வைப்பதாகிவிடும்.

அவர் மாலை என்று சொல்வார் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

தேதியைக் கொஞ்சம் நகர்த்தத் தயாராக இருங்கள். காலண்டரில் பௌர்ணமி எந்த நாள் என்று பாருங்கள். பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோவிலில் கூட்டம் மிகுதியாக இருக்கும். ஒரே நாளில் மேலூர் திருவுடையம்மன், திருவொற்றியூர் வடிவுடையம்மன், வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று மூவரையும் தரிசிக்கும் வழக்கம் உண்டல்லவா? அன்று வேண்டாம். மறுநாள் போங்கள். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலவு எழுந்துவிடும். வானத்தில் வெளிச்சம் இருப்பதால் வெளிறித் தெரியும். மறுநாள் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிந்தி வரும். அதற்குள் நன்றாக இருட்டிவிடும். ஏழேகால், ஏழரை வாக்கில், கறுத்த கடலுக்கு மேலே பழுத்த மாம்பழ நிறத்தில் எழும்பும். மேற்குக் கரை ஊர்க்காரர்கள் கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம். கடலிலிருந்து நிலவு எழுவதைப் பார்க்கக் கிழக்குக் கரைக்குத்தான் வர வேண்டும். அந்த நாள் வேலை நாளாக அமைந்து தோதுப்படவில்லை என்றால், நிலவில்லாமலும் கடல் கடல்தான். சனிக்கிழமையே போங்கள்.

பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு போவதற்கா கிளம்புகிறோம்? தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறுங்கள். விம்கோ நகர் வரையிலான இந்தப் பாதை திறக்கப்பட்டது 2021 பிப்ரவரி 14ஆம் நாள். காதலர் தினத்தில் நமக்குக் கிடைத்த ரயில் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு. தண்டையார்பேட்டை வரை நிலத்துக்குள் இருக்கும் ரயில், அதற்குப் பிறகு மேலேறி, புதுவண்ணாரப்பேட்டையில் வெளிச்சத்துக்கு வந்துவிடும். வலப்பக்க ஜன்னலருகே நின்றுகொள்ளுங்கள். மொட்டை மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் அப்பால் நீலக் கோடு தெரியும். டோல்கேட், காலடிப்பேட்டை தாண்டித் திருவொற்றியூர் தேரடியில் இறங்குங்கள். நிலையத்திலேயே கழிப்பறை இருக்கிறது. போகவர இருவருக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஐந்து மணிக்குக் கோவில். சாமி கும்பிடுகிறவர்களா இல்லையா என்று எழுதவில்லை. எப்படியிருந்தாலும் உள்ளே இருக்கும் மகிழ மரத்தடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அந்தக் கதைக்காக. ஞாயிறு என்ற ஊரில் பிறந்து, ஒற்றியூரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவர் சங்கிலியார். அவரைப் பார்த்த கணத்தில் சுந்தரர் மனதைப் பறிகொடுத்தார். திருமணத்துக்குச் சங்கிலியார் ஒப்புக்கொள்ளக் கேட்டது பொன்னோ பட்டோ இல்லை. "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று ஒரு வாக்கு. சந்நிதியில் சத்தியம் செய்துவிடலாம், அந்த நேரம் இறைவன் மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும் என்று சுந்தரர் ஓர் ஏற்பாடு செய்துகொள்ள, இறைவனோ சங்கிலியாரிடம், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே கேள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார். பிறகு வசந்த காலம் வர, திருவாரூர் நினைவில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் அவருக்குக் கண்பார்வை போயிற்று. கதையை உங்கள் மனைவி முன்பே கேட்டிருக்கலாம். இருந்தாலும் அந்த மரத்தடியில் நின்று நீங்கள் சொல்லிக் கேட்பது வேறு. கையால் வேலை செய்து சம்பாதித்த ஒரு பெண், தன் நிபந்தனையைத் தானே சொன்ன கதை அது. "நீ என்ன கேட்பாய்?" என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவசரப்படுத்த வேண்டாம்.

ஆறு மணிக்குக் கடலோரம். இங்கே இரண்டு எச்சரிக்கை. எண்ணூர் விரைவுச் சாலையைக் கடந்துதான் போக வேண்டும். டிரெய்லர் லாரிகள் எப்படி வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது உங்கள் வேலைச் சாலை. அதனாலேயே உங்களுக்குத் தெரிந்த டிரைவர்கள் நிற்கும் இடம், உங்கள் கிடங்கின் பக்கம் எதற்கும் போகாதீர்கள். "சார், அந்தச் சீட்டு..." என்று ஒருவர் வந்தால் மாலை முடிந்தது. கைப்பேசியை அமர்த்தி அவர் கைப்பையில் போட்டுவிடுங்கள். அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால் எடுக்க அவருடைய போன் ஒன்று போதும்.

இரண்டாவது, அங்கே மெரினாவைப் போல மணல்வெளியை எதிர்பார்க்காதீர்கள். நம் கரையில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோது அந்த மணல் தெற்கேயே தங்கி மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் நம் கரையைக் கடல் அரித்தது. வீடுகளையும் தெருக்களையும் இழந்த பிறகு கிடைத்தவைதான் இந்தக் கருங்கல் தடுப்புகள். ஊர் முழுக்க மாலையில் போய் உட்காரும் அந்த மணலில் நம் பங்கும் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். "வட சென்னையில் என்ன காதல்" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அலை படும் கற்களில் பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். மேலே காய்ந்த கல்லில், குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் பக்கமாகப் பார்த்து, ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு உட்காருங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். ஆளரவம் குறைவதற்குள், எட்டு மணி வாக்கில் கிளம்பிவிடுங்கள். யாராவது தொல்லை கொடுத்தால் வாக்குவாதம் செய்யாமல் 112ஐ அழையுங்கள்.

அங்கே என்ன பேசுவது? ஜூன் மாதம் மகளின் பள்ளிக் கட்டணம் வரும். சீட்டுப் பணம் இருக்கும். அதையெல்லாம் வியாழக்கிழமை இரவே உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். பேசாமல் விட்ட கணக்கு கடலோரம் வரைக்கும் கூடவே வரும். மற்றபடி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். சும்மா இருந்தாலும் சரி. அவர் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணட்டும். போட்டோ எடுக்க அவசரப்படாதீர்கள்.

பருத்திப் புடவையோ சுடிதாரோ, அவருக்கு எது இலேசோ அதுவே. சாப்பாட்டுக்குப் பெரிதாக யோசிக்க வேண்டாம். கோடையில் நம் தெருவோரமே விருந்துதான். போகும்போது நுங்கு. இளசாகப் பார்த்துத் தோலோடு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து ஒரு பாட்டில் மோர், கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டு. அதை நீங்கள் கலக்குங்கள். திரும்பும்போது அவருக்கு ஆசை இருந்தால், தண்டையார்பேட்டையில் இறங்காமல் அப்படியே பாரிமுனை வரை போய், பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கத் தெருவில் அத்தோ சாப்பிடலாம். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த உணவு. நூடுல்ஸில் முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, நொறுக்கிய தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். இருவர் வயிறார நின்றுகொண்டே சாப்பிட்டாலும் உங்கள் ஆயிரத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதற்கு வருகிறேன். வீட்டில் உள்ள பெண்ணுக்கு வெளியே போவது என்பது வாசலைத் தாண்டும்போது தொடங்குவதில்லை. இரவுக்கு என்ன, குழந்தைக்கு என்ன, அத்தைக்கு மாத்திரை எடுத்து வைத்தோமா என்பதில் தொடங்குகிறது. திரும்பி வந்து, சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்த பிறகுதான் முடிகிறது. மூன்று மணி நேரம் வெளியே இருக்க அவர் ஐந்து மணி நேரம் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருந்தால், "நீங்கள் மட்டும் போய்வாருங்கள்" என்றுதான் சொல்வார். வெயில் என்பது சொல்லிக்கொள்ள வசதியான காரணம். ஆகவே முதல் நாளே மாவு வாங்கி வையுங்கள். அன்று மதியம் வேலையிலிருந்து வந்ததும் சட்னியை நீங்கள் அரையுங்கள். மகளைக் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து, பாட்டியிடம் விடுங்கள். வந்து பாத்திரத்தையும் நீங்களே கழுவுங்கள்.

அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மனைவியை முன்னால் விட்டு நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. "அம்மா, சனிக்கிழமை நாங்கள் இருவரும் வெளியே போகிறோம், பாப்பாவை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும், எட்டரை ஒன்பதுக்குள் வந்துவிடுவோம்" என்று நாலு நாள் முன்னதாகவே சொல்லுங்கள். ஒளித்துவிட்டுப் போனால்தான் மாமியாருக்கு மனத்தாங்கல் வரும், மருமகள் பெயரில்தான் அது எழுதப்படும். அத்தோ சாப்பிடப் போவதானால் பத்து மணி என்று உள்ளதைச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். அம்மாவுக்குப் பிடித்தது ஏதாவது ஒரு பொட்டலம் வாங்கி வாருங்கள்.

மாதவரம் தாவரவியல் பூங்கா, ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம் இரண்டும் நல்ல இடங்கள். அவை மகளோடு போக வேண்டியவை. வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். "பாப்பாவையும் அழைத்துப் போகலாமே" என்று கடைசி நிமிடத்தில் உங்கள் மனைவியே சொல்லக்கூடும். அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

அன்றைக்குக் காற்று வராமல் போனால்? மே கடைசியில் திடீரென்று இடியும் மழையும்கூட வரலாம். இடி மழை என்றால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். காற்று மட்டும் வராத நாளுக்கு வழி இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டுக்காரரிடம் முன்பே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் இரவு வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், எட்டு மணிக்கு இன்னொரு வாளி. ஒன்பதரைக்கு மகள் தூங்கிய பிறகு பாயை விரித்தால் குளிர்ந்திருக்கும். தையல் இயந்திரத்தையும் மிதிபடியையும் மறந்து அவர் மல்லாந்து படுக்கட்டும். மேலே தூரத்துக்குக் குறைவில்லை.

பூவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. இது மல்லிகைக் காலம். மற்ற மாதத்தில் யோசித்து வாங்குவதை இப்போது தாராளமாக வாங்கலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போதே வாங்கி வைத்தால் போய்ச் சேர்வதற்குள் புழுங்கிவிடும். தேரடியில் இறங்கிய பிறகு, கோவில் வாசலில், கட்டிய மொட்டாகப் பார்த்து மூன்று முழம் வாங்குங்கள். அவர் கடலோரம் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது மலரத் தொடங்கும்.